அளவெடுத்த சப்பாத்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த வீட்டுப் பையன் பெரிய கடதாசித் தாள் ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எங்கள் விறாந்தைக்கு வந்தான். “மாமா, கொஞ்சம் இதன்மேல் ஏறி நில்லுங்கள்” என்றான். நின்றேன். அவன் முழங்காலிட்டு அமர்ந்து, பென்சிலைச் சற்றும் சாயாமல் நிமிர்த்திப் பிடித்து, என் இரு பாதங்களையும் சுற்றி வரைந்தான். பின்னர் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, “இடக்கால் ஐந்து மில்லிமீற்றர் நீளம் கூட. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாகக் கடைகளில் வலக்காலை நீட்டியே சப்பாத்து வாங்கி வந்திருக்கிறேன். இடக்காற் சுண்டுவிரலில் நெடுநாளாகக் குடியிருக்கும் ஆணிக்கு நான் பூசாத களிம்பில்லை. அந்த ஆணியின் ஜாதகம் முழுவதும் அந்தத் தாளிலே வரையப்பட்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையனுக்குப் புத்திமதி சொல்லும்படி அவன் தந்தையார் என்னிடம் கேட்டிருந்தார். கெலிஓயாக் கடைத்தெருவிலே பலசரக்கு வியாபாரம் செய்பவர் அவர். மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன். பெறுபேறு வரும்வரை சும்மா இராமல், வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், அளவெடுத்துச் சப்பாத்துச் செய்யும் முதியவர் ஒருவரிடம் தொழில் பழகுகிறான். பழகுவது போதாதென்று, அதுவே தன் தொழில் என்றும் முடிவு கட்டிவிட்டான். “உயர்தரம் படித்துவிட்டுச் செருப்புத் தைக்கவா போகிறான்? நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று தந்தையார் என்னிடம் மனம் நொந்து சொன்னார். புத்திமதி சொல்ல வாயெடுக்கும் முன்னரே நான் தாளின்மேல் ஏறி நின்றுவிட்டேன்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை நானும் அறிவேன். தோலைக் காலில் அணிந்தவனை உயர்த்தி, அதைக் கையால் தைத்தவனைத் தாழ்த்திய சமுதாயம் நம்முடையது. நம் முன்னோர் தேயிலை மலைகளுக்கு வந்தபோது எத்தனையோ பொருள்களை ஊரிலே விட்டுவிட்டு வந்தார்கள். இந்த வழக்கத்தை மாத்திரம் மறவாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பாதரட்சைக்கும் பெருமைக்கும் உள்ள உறவு இப்பக்கத்தில் மிகப் பழையது. உடுநுவரைப் பகுதியில், கெலிஓயாவுக்கு அண்மையிலே, எலதெத்த என்னும் கிராமம் இருக்கிறது. 1660ஆம் ஆண்டு மூதூர்ப் பக்கத்தில் கைதுசெய்யப்பட்டு, 1679இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்தில் காலங்கழித்த றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். தொப்பி பின்னி விற்றுச் சீவனம் நடத்தியவர் அவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலிலே, சப்பாத்தும் காலுறையும் அரசருக்கு மாத்திரமே உரிய உடை என்றும், பெரிய பிரபுக்களும் வெறுங்காலோடுதான் நடந்தார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். இராச்சியம் முழுவதற்கும் ஒரே வாடிக்கைக்காரர்! அவருக்குச் சப்பாத்துச் செய்தவர் அளவைப் பிழையாக எடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

பையனுடைய ஆசான் அவ்வளவு ஆபத்தான நிலையில் இல்லை. கைத்தொழில் வல்லாரை நம் நாட்டில் ‘பாஸ்’ என்று அழைப்பது வழக்கமன்றோ? அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். சப்பாத்து என்பது போர்த்துக்கேயர் தந்தது. காலின் அளவைச் சொல்லும் இலக்கமோ ஆங்கிலேயருடையது. ஏழு, எட்டு, ஒன்பது என்று கடைகளில் கேட்கிறோமே, அவற்றுள் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். வாற்கோதுமை மணிகள் மூன்றை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓரங்குலம் என்பது ஆங்கிலேயரின் பழங்கணக்கு. அந்த ஒரு மணியின் நீளந்தான் இன்றும் நம் கால்களை ஆண்டு கொண்டிருக்கிறது. ஐரோப்பாக் கண்டத்தின் 40, 41, 42 என்ற இலக்கங்களோ சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கை ஒரு படியாகக் கொண்டவை. ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாததன் காரணம் இதுவே.

ஆயினும் இவ்விரு கணக்குகளும் பெரும்பாலும் நீளத்தையே சொல்கின்றன. அகலத்தைப் பற்றியும், புறங்காலின் உயரத்தைப் பற்றியும் அந்த இலக்கம் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களிலும் 52. உடலின் எலும்புகளில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு. இத்தனை எலும்புகளும் சேர்ந்து எடுக்கும் வடிவத்தை ஒரேயோர் இலக்கத்தில் அடக்கிவிடலாம் என்று நம்புவது தொழிற்சாலையின் வசதிக்காக நாம் செய்துகொண்ட உடன்பாடு. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. 1883ஆம் ஆண்டு யான் மற்செலிகர் என்பவர் அமெரிக்காவிலே, மேற்றோலை இழுத்து அடிப்பாகத்தோடு பொருத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய இயந்திரங்கள் வந்திராவிட்டால் நம்மிற் பலர் இன்றும் நொக்ஸ் கண்ட பிரபுக்களைப் போலவே நடந்திருப்போம். மலிவு என்பது சிறிய நன்மையன்று. ஆனால் தொழிற்சாலை சராசரிக் காலுக்குத்தான் செய்யும். சராசரியிலிருந்து விலகிய காலை உடையவர் என்ன செய்வது?

இங்கேதான் அந்தப் பையன் கற்கும் கல்வி தொடங்குகிறது.

முதல் ஒரு மாதம் பாஸ் அவனைத் தோலைத் தொடவே விடவில்லையாம். வடிவம் வரைவதென்றால் அழகான சப்பாத்துகளைக் கடதாசியில் வரைவது என்று எண்ணிப் போனவனுக்கு முதற்பாடமே ஏமாற்றம். வருகிறவர் கழற்றிவைத்த பழைய சப்பாத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். குதியின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா, உட்பக்கமா? மேற்றோலில் மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா, சரிந்தா? பெருவிரல் எங்கே முட்டியிருக்கிறது? பழைய சப்பாத்து பொய் சொல்லாது. அதன் பின்னர் கேள்விகள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்? வீட்டுக்குப் போகும் வழி மேடா, சமதரையா? காலுறை அணிவீர்களா? நம் பக்கத்தில் இந்தக் கேள்விகள் வெறும் உபசாரமல்ல. ஒரு வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்க நூறு படிகள் இருக்கலாம். படியிறங்கும்போது கால் முன்னோக்கி நழுவும். நழுவாமல் பிடித்துக்கொள்வது புறங்காலின் மேலுள்ள கட்டு. கட்டுத் தளர்வானால் விரல்நுனிகள் நூறு தடவை முட்டும்.

அடுத்தது அளவு. மாலையில் எடுப்பது நல்லது என்றான். பகல் முழுவதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவு மாலையில் கடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கக் கூடாது. பாரம் ஏறியதும் பாதம் நீண்டு அகலும். இரு கால்களையும் அளக்கவேண்டும். தாளில் வரைந்த கோடு ஒரு பங்குதான். விரல்கள் தொடங்கும் இடத்தில் அகன்ற மூட்டுகளைச் சுற்றி ஒரு சுற்றளவு, அதற்குப் பின்னே ஒடுங்கிய இடத்தில் ஒன்று, புறங்கால் மேட்டில் ஒன்று, குதியின் அடியிலிருந்து கணுக்கால் மடியும் இடம்வரை சாய்வாக ஒன்று. அமெரிக்காவில் சப்பாத்துக் கடைக்காரர் ஒருவரின் மகனான சாள்ஸ் பிரனொக் என்பவர் 1920களிலே கால் அளக்கும் கருவியொன்றைச் செய்தார். முதல் மாதிரியைச் சிறுவர் விளையாடும் உலோகத்துண்டுகளைப் பூட்டியே செய்தாராம். நீளத்தோடு அகலத்தையும், குதியிலிருந்து மூட்டுவரை உள்ள தூரத்தையும் அது ஒரே சமயத்தில் காட்டும். பாஸிடம் அந்தக் கருவி இல்லை. கடதாசிக் கீற்றைக் காலில் சுற்றி, நகத்தால் அடையாளமிட்டு, வாடிக்கைக்காரரின் பெயரை அதிலேயே எழுதி ஆணியில் மாட்டிவிடுகிறார். பல ஆண்டுக் கீற்றுகள் அங்கே தொங்குகின்றனவாம். அவற்றுட் சில இப்போது நடக்காத கால்களுக்குரியவை.

அளவிலிருந்து அச்சுக்கட்டைக்கு வருவோம். கால் வடிவாகச் செதுக்கிய மரக்கட்டை அது; இந்நாளில் பிளாஸ்டிக்காலும் செய்கிறார்கள். அதன்மீதுதான் சப்பாத்து கட்டப்படுகிறது. கட்டை காலின் நேர்ப்பிரதி அன்று என்பதைப் புரிந்துகொள்ளத் தனக்கு நெடுநாள் சென்றது என்று பையன் ஒப்புக்கொண்டான். விரலுக்கு முன்னே ஏறக்குறைய அரை அங்குல இடம் வேண்டும். நடக்கையில் கால் முன்னே செல்லுமல்லவா? குதிப்பக்கம் மேலே சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். இல்லாவிடில் சப்பாத்து கழன்று விழும். எனவே கட்டை என்பது நிற்கும் கால், நடக்கும் கால் ஆகிய இரண்டுக்கும் இடையே செய்த சமாதானம். ஐரோப்பாவில் இற்றைக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்வரை இடம் வலம் என்ற வேறுபாடின்றி ஒரே நேர்க்கட்டையில் இரு சப்பாத்துகளையும் செய்த காலமும் இருந்தது. வேண்டிய காலில் மாட்டிக்கொள்ளலாம். பழகும்வரை வலி வாடிக்கைக்காரருக்கு.

ஒவ்வொருவருக்கும் புதுக்கட்டை செதுக்கச் சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகாது. ஆகவே அண்ணளவாகப் பொருந்தும் கட்டையை எடுத்து, வேண்டிய இடங்களில் தோல்துண்டுகளை ஒட்டிச் சீவி, அந்தக் காலாக மாற்றுகிறார்கள். பெருவிரல் மூட்டுப் புடைத்தவருக்கு அங்கே ஒரு துண்டு. புறங்கால் உயர்ந்தவருக்கு மேலே ஒரு துண்டு. என் இடக்காலுக்குச் சுண்டுவிரற் பக்கத்தில் ஒன்று ஒட்டப்போவதாக எனக்கு அறிவித்தல் கிடைத்திருக்கிறது.

அதன் பிறகே வரைதல். கட்டை முழுவதையும் கடதாசி ஒட்டுநாடாவால் மூடி, முன்னும் பின்னும் நடுக்கோடு கீறி, சப்பாத்தின் கோடுகளை அதன்மீதே வரைந்து, பின்னர் கத்தியால் வெட்டி உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டவேண்டும். உருண்ட பொருளைத் தட்டையாக்கும்போது எங்கோ சுருங்கும், எங்கோ விரியும். பூமியுருண்டையைத் தேசப்படமாக்குவோர் படும் பாடுதான். பூகோளம் படிக்கும் மாணவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள். அட்டையில் இறங்கிய வடிவத்துக்கு, அடியில் மடித்து ஒட்டுவதற்காகச் சுற்றிலும் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் கூட்டவேண்டும். ஒரு துண்டின்மேல் மற்றது ஏறும் தையலுக்கு ஓர் அளவு, விளிம்பு மடிப்புக்கு வேறோர் அளவு. இவற்றில் ஒன்றை மறந்தால் தோல் வீண்.

தோலிலும் அவன் ஒரு பாடம் கற்றான். அந்தப் பாடத்துக்குச் சம்பளமும் கட்டினான். விலங்கின் தோல் எல்லாத் திசையிலும் ஒரேவிதமாக இழுபடாது. முதுகெலும்பின் ஓரமாக உறுதி, வயிற்றுப்பக்கம் தளர்ச்சி. சப்பாத்தின் முன்பாகத்தை வெட்டும்போது, இழுபடாத திசை விரலிலிருந்து குதியை நோக்கி இருக்கவேண்டும். மிச்சம் பிடிக்கும் ஆசையில் இவன் ஒரு காலுக்குரிய துண்டைத் திருப்பிவைத்து வெட்டிவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்று வாரம் அணிந்த பிறகு ஒன்று மாத்திரம் நீண்டுபோயிற்று. வாடிக்கைக்காரர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது பாஸ் ஒன்றும் பேசவில்லையாம். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது பையனுடைய சேமிப்பிலிருந்து. தந்தையாருக்கு இது தெரியாது. அவர் இப்பகுதியை வாசிப்பதில்லை என்ற நம்பிக்கையிலேதான் எழுதுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அவன் ஏன் விடாப்பிடியாக நிற்கிறான்? அதற்கு விடை அவர்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறது.

அவனுடைய அப்பாயி, அதாவது தந்தையாரின் தாயார், கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அட்டை கடிக்கும் மழையிலும் வெறுங்காலோடு மலை ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. அத்தகைய கால்களின் வடிவமே வேறு. 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று தென்னிந்தியாவில் வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு நடந்தோரின் பாதங்களை அளந்து, அவை முன்புறம் அகன்றவை என்றும், உடற்பாரம் அவற்றில் பரவலாக இறங்குகிறது என்றும் கண்டது. கால் நன்றாக இருந்தவரை அது நல்ல கால். ஆனால் கடையில் விற்கும் எந்தச் செருப்புக்குள்ளும் அது அடங்காது. அகலத்துக்காக இரண்டு இலக்கம் பெரிதாக வாங்கினால் குதி பின்னால் தத்தளிக்கும்.

இதன்மேல் சீனி வருத்தமும் சேர்ந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்குக் குறையாமல் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஆகவே இதை வாசிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது அயல்வீட்டுச் செய்தியன்று. நீரிழிவு நெடுங்காலம் நீடித்தால் பாதத்து நரம்புகள் உணர்விழக்கின்றன. சென்ற ஆண்டு அப்பாயியின் செருப்புக்குள் சிறு கல்லொன்று புகுந்திருக்கிறது. காலையில் அணிந்தவர் மாலையில் கழற்றியபோது இரத்தத்தைக் கண்டார். அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புண் ஆறாமல், வலக்காலின் இரண்டாம் விரலை எடுக்கவேண்டியதாயிற்று. கிளினிக்கிலே ‘நல்ல செருப்பு அணியுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கடையில் என்று ஒருவரும் சொல்லவில்லை. பையன் பாஸைத் தேடிப் போனது அப்போதுதான்.

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஒருவர் தமிழ்நாட்டிலே இருந்தார். போல் பிராண்ட் என்னும் அந்த அறுவை வைத்தியர் 1914இல் கொல்லிமலையிற் பிறந்தவர்; மருத்துவம் படிக்குமுன் இங்கிலாந்தில் கட்டடத் தொழிலும் தச்சும் பழகியவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகால்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. வலி தெரியாமையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். வலி தெரிந்தவன் நொண்டுவான். நொண்டும்போது புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். வலி தெரியாதவன் அதே புண்ணின்மேல் நேராக நடந்துகொண்டேயிருப்பான். கல்லும் ஆணியும் மாத்திரம் எதிரிகள் அல்ல; ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சிறு அழுத்தமும் போதும்.

அறுவை செய்து விரலை நிமிர்த்தியவர் செருப்பைப் பற்றியும் யோசிக்கவேண்டியதாயிற்று. வேலூரிலும், 1955இல் அதன் அருகே கரிகிரியில் அமைந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், நுண்துளைகள் நிறைந்த மெல்லிய இறப்பரைப் பாதத்தின் கீழ் இடும் செருப்பு உருவாகிப் பரவியது. பெருவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பவேண்டும். அதன் கீழே முள்ளும் கல்லும் துளைக்காத கெட்டியான அடிப்பாகம். பின்னே குதியைப் பிடிக்கும் வார். ஏனெனில் உணர்வற்ற விரல்களால் செருப்பைப் பற்றிக்கொள்ள இயலாது. ஆணி ஒன்றுகூட அடிக்கலாகாது. தையலும் பசையும் மாத்திரமே. இந்த ஒரு விதிக்காகவே அந்தச் செருப்பை நான் வணங்குகிறேன். பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்று கார்வில் என்ற ஊரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார், 2003இல் காலமானார். தொழுநோயாளருக்காக அங்கெல்லாம் கண்ட உண்மைகள் இன்று நீரிழிவுக்காரரின் கால்களைக் காக்கப் பயன்படுகின்றன. இறப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு நாம் இதை அறியாதிருப்பது அழகன்று.

அப்பாயிக்குச் செய்யும் செருப்பு இந்த வழியிலேதான் உருவாகிறது. வைத்தியசாலையில் அவர் காலை நைலோன் நூலொன்றால் தொட்டுப் பார்த்தார்கள். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நூல் அது. அது வளையும்வரை தொட்டும் தெரியாத இடம் ஆபத்தான இடம். அவ்விடங்களைப் பையன் தன் தாளில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறான். மேற்பாகத்தின் உட்புறத்தில் தையல் எங்கும் வராது. எடுக்கப்பட்ட விரலின் இடத்தில் பக்கத்து விரல்கள் சாயாதபடி மெத்தென்ற துண்டொன்று வைத்திருக்கிறான். ஆழம் சாதாரணச் செருப்பைவிட அதிகம். கொக்கிக்குப் பதிலாக ஒட்டிப் பிரியும் வார். மூட்டு நோவுள்ள விரல்களால் கொக்கியை மாட்ட முடியாதல்லவா? அழகையும் அவன் விட்டுவிடவில்லை. அப்பாயிக்குப் பிடித்த அரக்கு நிறத் தோல். “வருத்தக்காரியின் செருப்பு மாதிரி இருந்தால் போடமாட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டாராம். வாடிக்கைக்காரர் சொல்லும் சொற்களுள் இதைவிடப் பெரிய கட்டளை வேறென்ன?

முதல் பொருத்தத்தில் குதிவார் உரசியது. அரை மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது, எங்கே சூடேறியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தான். அவருக்கு நோகவில்லை, ஆகவே அவரைக் கேட்டுப் பயனில்லை. அவன் கைதான் அவருடைய நரம்பு. இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. புண் இருக்கும் காலுக்குச் செருப்புச் செய்வதில்லை என்றும், முதலில் வைத்தியர் பார்க்கவேண்டும் என்றும் பாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தொழிலின் எல்லையை அறிவதும் தொழிலே. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உணர்வற்ற காலுக்குக் கோயில் முற்றத்து வெயிற்கல் நெருப்பு. அங்கே செருப்பும் அணிய இயலாது. அப்பாயி இப்போது விடியற்காலைப் பூசைக்கே போய்வருகிறார்.

மாணவர்கள் இத்தொழிலை எங்கே முறையாகக் கற்கலாம் என்று கேட்பார்கள். சென்னையிலே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிண்டியில் 1957இல் தொடங்கிய மத்திய காலணிப் பயிற்சி நிலையம் வடிவமைப்பையும் செய்முறையையும் கற்பிக்கிறது. இங்கே நம் நாட்டில், பட்டறையில் பழகியவரின் திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க. கல்லூரி முதலா, பட்டறை முதலா என்று என்னைக் கேட்டால் பட்டறை என்பேன். இத்தாலியில் 1898இல் பிறந்த சல்வத்தோரே பெராகமோ என்பவர் ஒன்பது வயதிலேயே சப்பாத்துச் செய்யத் தொடங்கியவர். அமெரிக்காவில் நடிகைகளுக்குச் செய்து புகழ்பெற்ற பிறகும், தம் சப்பாத்துகள் பார்க்க அழகாயிருந்தும் ஏன் காலை நோகச் செய்கின்றன என்று அறிய, பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பாடம் படிக்கச் சென்றார். உடற்பாரம் உள்ளங்கால் வளைவின்மேல் இறங்குகிறது, அங்கே தாங்கு கொடுக்கவேண்டும் என்று கண்டது அதன் பயன். வாடிக்கைக்காரிகளுக்கென அவர் வைத்திருந்த மரக்கட்டைகளைப் புளோரன்ஸ் நகரிலுள்ள காட்சிச்சாலையில் இன்றும் பேணி வருகிறார்கள். பட்டறையில் எழுந்த கேள்வியைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போனவர் அவர்.

வீட்டிலே இப்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. மாலையில் ஒவ்வொருவராகத் தாளின்மேல் நின்று பாதத்தை வரைந்து வெட்டியெடுங்கள். அதை அவரவர் சப்பாத்தின் அடிப்பாகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கால் அந்த அளவுக்கு நாள்தோறும் உள்ளே மடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளின் சப்பாத்தை முதலிற் பாருங்கள்; அவர்கள் வளர்கிறார்கள், சப்பாத்து வளர்வதில்லை. நனைந்த சப்பாத்தை அடுப்பங்கரையில் காயவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்; அதற்கு இந்தப் பக்கத்தையே பயன்படுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை.

நேற்றுப் பையன் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். பக்கத்துக்கு ஒரு கால். என்னுடையதும் இருந்தது, ‘இட. சுண்டுவிரல் ஆணி, கேட்டால் மறைப்பார்’ என்று குறிப்பு. கடைசிப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு கால். அகன்ற பாதம். ‘நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நிற்பவர். வல. குதி உட்பக்கம் தேய்வு’ என்று எழுதியிருந்தான். யாருடையது என்று கேட்டேன்.

“அப்பாவுடையது. முந்தாநாள் இரவு கடை பூட்டிவிட்டு வந்து, அவராகவே தாளில் ஏறி நின்றார்.”

“என்ன சொன்னார்?”

“ஒன்றும் சொல்லவில்லை, மாமா. எப்போது கிடைக்கும் என்று மாத்திரம் கேட்டார். அப்பாயியுடையது முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.”